கையைக் கட்டச் சொன்ன ரஹ்மத்

சாவுச் செய்தி எனக்கு எப்போதும் வேலையாகத்தான் வந்து சேரும். போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருப்பவனுக்கு வேறு எப்படி வரும்? ஊரில் யார் கண்ணை மூடினாலும், வீட்டார் அழுது ஓய்வதற்குள் ஒரு போட்டோ என் போனுக்கு வந்துவிடும். கூடவே பெயர், ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம். அன்று காலையில் போட்டோ இல்லாமல் வந்தது. "ரஹ்மத் அக்கா தவறிட்டாங்க. வீட்ல படம் போட வேணாங்கறாங்க. பேரு மட்டும் பெருசாப் போட்டு அடிங்க. கம்ப்யூட்டர் கடைக்காரங்க எல்லாம் சேந்து போடுறோம்." அனுப்பியவனைக் கூப்பிட்டு, எந்த ரஹ்மத் என்று ஒழுங்காகச் சொல்லித் தொலைக்க மாட்டாயா என்று திட்டினேன். அவன் அழுதான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கடை திறக்கச் சாவியை எடுத்த ரஹ்மத், நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கணவர் யூசுப் பாய் மலைக்கு ஆளேற்றிப் போகும் தன் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ பேரை அவசரத்துக்கு மலையிலிருந்து கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த ஜீப் அது. யூசுப் பாய் அன்று முழுவதும் அதன் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதை வாசிக்கிற போடிக்காரர்களுக்கு ரஹ்மத் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருடைய மேஜையில் இருப்பது அவர் பூட்டிய கணினி. வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டி, பலகை, விசிறி என்று உதிரிகளைத் தனித்தனியாக வாங்கி, நமக்கு என்ன வேலை ஆக வேண்டுமோ அதற்குத் தக்கபடி கணினி பூட்டிக் கொடுப்பார். ஏலக்காய்க் கடை, நகல் எடுக்கும் கடை, மலை மேலே எஸ்டேட் ஆபீஸ் என்று எங்கும் அவர் கை பட்ட கணினிகள்தான். விற்றதோடு விட மாட்டார். தான் பூட்டிய ஒவ்வொரு கணினிக்கும் அதே சரக்கை நகலெடுத்த இன்னொரு டிஸ்க்கைத் தன் கடையில் வைத்திருப்பார். "பொண்ணக் கட்டிக் குடுத்துட்டுப் பொறந்த வீட்டக் கதவடைக்க முடியுமாண்ணே?" என்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. கணினி நின்றுவிட்டது என்று அவர் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாயில் வெற்றிலை. கோபத்தில் ஏதோ கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "மொதல்ல வெளிய போயி வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க. கீபோர்டுல பாதி வெத்தலை உங்களதுதான்" என்றார். போய்க் கொப்புளித்துவிட்டு வந்தேன். என்னை அப்படி ஏவிய ஆள் என் மனைவிக்கு அடுத்து அவர்தான். அன்றைக்கே சரி செய்து கொடுத்தார். அதோடு என் கணினியின் நிலைமையையும் சொன்னார். நான் போஸ்டர் கோக்கும் மென்பொருளும் எழுத்துருக்களும் மிகப் பழையவை. அவற்றைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. இயங்குதளத்தை மாற்றினால் அவை ஓடாது. இத்தனை காலம் நான் கோத்து வைத்த அத்தனையும் வெறும் கட்டங்களாகத் தெரியும். "இது மாறாம இருக்குறவரைக்கும் உங்க கடை இருக்கும்" என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பிறகுதான் அந்தப் பெட்டி வரத் தொடங்கியது. உங்களுக்கும் வந்திருக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போது திரையின் நடுவில் குதித்து, புதிய இயங்குதளம் தயார், பழையதற்கு ஆதரவு முடியப் போகிறது, இப்போதே மாறுங்கள் என்னும். 'மாறு' என்ற பொத்தான் நீல நிறத்தில் பணியாரம் அளவுக்கு இருக்கும். 'பிறகு' என்பது ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இதைச் செய்தவன் யாராக இருந்தாலும், நம்மைக் கேட்க வேண்டும் என்று செய்யவில்லை, அமுக்க வைக்க வேண்டும் என்று செய்திருக்கிறான். மாறினால் பழைய கணினி மூச்சு வாங்கும், பழைய மென்பொருள் செத்துப் போகும், கடைசியில் புதுக் கணினி வாங்க வேண்டும். எனக்குக் கொதித்தது. இதை நிறுத்தித் தா என்று ரஹ்மத்திடம் போய் நின்றேன்.

"பெட்டி வர்றத என்னால முழுசா நிறுத்த முடியலண்ணே. ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழியா வருது. உங்க கையத்தான் நிறுத்த முடியும்" என்றார். பெட்டி வந்ததும் முதலில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு முழுவதையும் வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைத் தேடி அமுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இதென்ன என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இணையம் தேவைப்படாத கணினியில் இணையமே கூடாது என்று பிடுங்கிவிடுவார். பழைய இயங்குதளத்தோடு இணையத்தில் திரிவது ஆபத்து என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. புதியது தேவைப்பட்டவர்களுக்குப் புதியதைப் போட்டும் கொடுத்தார். வேண்டாம் என்பவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது மட்டும்தான் அவர் பிடிவாதம்.

இந்த ஊரில் கையைக் கட்டுவது எளிதல்ல என்பது அவருக்குத் தெரியும். இங்கே ஏலக்காய் ஏலம் கணினியில்தான் நடக்கிறது. கூடத்தில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு கை ஏலக்காயை வைத்துக்கொண்டு, திரையில் விலை ஏறுவதைப் பார்த்துப் பொத்தானை அமுக்குவார்கள். ஒரு நொடி யோசித்தால் சரக்கு அடுத்தவனுக்குப் போய்விடும். அந்தக் கூடத்தில் பழகிய விரல், திரையில் எது புதிதாக வந்தாலும் மூளையைக் கேட்காமல் அமுக்கும். என் மனைவியின் தம்பி குமரேசன் அப்படி விரல் பழகியவன். பல வருடம் ஒரு வியாபாரிக்காக ஏலத்தில் உட்கார்ந்தவன், பிறகு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை போகும் வழியில் ஒரு ஸ்டோர் எடுத்து நடத்தினான். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்தும் கூடம். சொந்தமாக உலர்கூடம் இல்லாத சிறு தோட்டக்காரர்கள் அங்கே கொண்டுவந்து காய் போடுவார்கள். விறகு அடுப்பின் சூட்டை விசிறிகள் உள்ளே தள்ளும். எப்போது தள்ள வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ரஹ்மத் பூட்டிய பழைய கணினி பார்த்துக்கொள்ளும். சூடு கூடினாலும் குறைந்தாலும் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள் முற்பகல் நான் ரஹ்மத்தின் கடையில் இருந்தபோது குமரேசனின் அழைப்பு வந்தது. அவன் குரலே சரியில்லை.

"மாமா, ரஹ்மத் அக்கா இருக்காங்களா? மிஷினு தன்னால நீலமாப் போயிருச்சு. வட்டம் சுத்துது. பேன் நின்னு போச்சு."

ரஹ்மத் போனை வாங்கினார். "நெட்டு குடுத்தியா அதுக்கு?"

"ஏல வெலை பாக்கலாம்னு போன்ல இருந்து குடுத்தேங்க்கா. பெட்டி ஒண்ணு வந்துச்சு. கை தன்னால..."

"உள்ள யாரு காயி கெடக்கு?"

"எல்லார்தும் இருக்கு. பழனியம்மா சித்தி காயி நேத்து சாயங்காலம்தான் ஏத்துனது."

பழனியம்மாவை எனக்கும் தெரியும். புருஷன் போன பிறகு தனி ஆளாகக் கொஞ்சம் செடி வைத்து, அதை வைத்து மகளுக்கு நிச்சயம் பேசியிருந்தவர். அந்தப் பறிப்பு அவருடைய வருடம் முழுவதற்குமான உழைப்பு. ரஹ்மத்தின் முகம் இறுகியது. "மிஷினத் தொடாத. கையக் கட்டிக்கிட்டு நில்லு. கை நிதானமானதும் பேன் வயரக் கழட்டி நேரா லைன் குடு. சூட்டுமானியப் பாத்து நீயே போட்டுப் போட்டு நிறுத்து. நான் வர்றேன்" என்றவர், அலமாரியில் குமரேசன் பெயர் ஒட்டிய டிஸ்க்கை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டார். யூசுப் பாய் ஸ்டாண்டில் மலைக்கு ஆளேற்றிக்கொண்டிருந்தார். "ஏங்க, வெரசா எடுங்க" என்று ரஹ்மத் சொன்ன தொனியைக் கேட்டு, ஏறியிருந்தவர்கள் தாங்களாகவே இறங்கிவிட்டார்கள். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மேலே போகப் போக மேகம் சாலைக்கே இறங்கி, முன்னால் போகிற லோடு வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. யூசுப் பாய் ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு திருப்பினார். ரஹ்மத் போனில் குமரேசனை விடவில்லை. சூடு எவ்வளவு என்று கேட்பார், நிறுத்து என்பார், போடு என்பார். ஒரு வளைவில் சிக்னல் செத்துப் போனது. குமரேசனுக்குப் பதற்றம் வந்தால் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அதை ரஹ்மத்திடம் சொல்லவும் பயமாக இருந்தது. அவர் டிஸ்க்கை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நாங்கள் போனபோது குமரேசன் சுவிட்சுக்கும் சூட்டுமானிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தான். கூடத்துக்குள்ளிருந்து வரும் வாசனையில் லேசாகக் காரல் அடித்தது. பழனியம்மா வாசலில் நின்றிருந்தார். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. ரஹ்மத்தைப் பார்த்து, "ஆத்தா, காயி தப்புமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல சித்தி. பாக்குறேன்" என்றார் ரஹ்மத். பொய்யாக ஒரு தைரியம் சொல்லியிருக்கலாமே என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மின்சாரத்தைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுவந்ததை மாட்டினார். ஓடவில்லை. திரை கறுப்பாக இருக்க, கணினி நீளமாக ஒரு சத்தம் போட்டு நின்றது. மறுபடி அதே சத்தம். குமரேசன் கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, இதை அமுக்கிப் பாக்கட்டா, அதை அமுக்கிப் பாக்கட்டா" என்று பக்கத்தில் வந்தான். ரஹ்மத் திரும்பி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், வெளியே நின்ற யூசுப் பாயே உள்ளே எட்டிப் பார்த்தார். "கையக் கட்றா!" குமரேசன் கட்டிக்கொண்டான். என்னை யாரும் சொல்லவில்லை, ஆனால் நானும் கட்டிக்கொண்டேன். உள்ளிருந்த நினைவகத் தகட்டை உருவி, அதன் பல்லில் மலை ஈரத்தில் படிந்திருந்த களிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் நிதானமாகத் தேய்த்தார். அந்த நேரத்தில் அவ்வளவு நிதானமா என்று எனக்குத் தலை வெடித்தது. மறுபடி மாட்டினார். இந்த முறை சின்னதாக ஒரே ஒரு சத்தம் வந்தது. திரை வெளிச்சமானது. விசிறியின் வயரை மறுபடி கணினியோடு சேர்த்தார், கொஞ்ச நேரத்தில் அது தானாகச் சுற்றத் தொடங்கியது. பழனியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காய் முழுவதும் தப்பவில்லை. மேல் தட்டில் கிடந்தவை வெளுத்துவிட்டன. பழனியம்மாவின் காயில் ஒரு பங்கும் அதில் போனது. குமரேசன் தன்னுடைய நல்ல காயிலிருந்து அதற்கு ஈடு அளந்து கொடுத்தான். கொடுக்காமல் இருந்திருந்தால் நானே அவனை அடித்திருப்பேன். புறப்படும்போது அவன் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினான். ரஹ்மத் பாலில்லாத கட்டன்சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "கேக்குற மாதிரி நடிச்சிக்கிட்டு உள்ள வந்தது அவன் தப்பு. பாக்காம அமுக்குனது உன் கை. அவன் தப்புக்கு நான் சண்டை போடுறேன். உன் கைய நீ பாத்துக்க" என்றார்.

சண்டை சீக்கிரமே வந்தது. உதிரிகளை மொத்தமாகத் தரும் விநியோகஸ்தரின் ஆள் மதுரையிலிருந்து வந்து, போடி, தேனி, கம்பம் கணினிக் கடைக்காரர்களை ஒரு மண்டபத்துக்கு அழைத்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. விஷயம் இதுதான். ஒவ்வொரு கடைக்காரரும் தான் பூட்டிய பழைய கணினிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று எழுதித் தர வேண்டும். அவை இனி உதவாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் புதியதற்கு மாற்ற வேண்டும். சம்மதித்துக் கையெழுத்துப் போடாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து சரக்கு வராது. கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரக்கு நின்றால் கடை நின்றது என்று அர்த்தம்.

ரஹ்மத் தனியாக வரவில்லை. தன் கணினியை வைத்துப் பிழைப்பவர்களையும் அழைத்திருந்தார். நான் இருந்தேன், குமரேசன் இருந்தான், சிலமலையில் நகல் கடை வைத்திருப்பவர் இருந்தார், பின்வரிசையில் பழனியம்மாவும் இருந்தார். அந்த ஆளுக்கு இது பிடிக்கவில்லை. "வாடிக்கையாளர்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"அவங்க மிஷினுக்குத்தான சார் சாவுச் சீட்டு எழுதச் சொல்றீங்க? அவங்க பக்கத்துல இருக்க வேணாமா?" என்றார் ரஹ்மத்.

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இது மேலிடத்து முடிவு. யார் நெனச்சாலும் நிக்காது."

"நிக்காதுதான். எனக்கும் தெரியும். எல்லாம் ஒரு நாளைக்கு மாறும். யாருக்கு எப்ப தோதோ அப்ப மாத்திக்கிருவாங்க, நானே மாத்திக் குடுப்பேன். ஓடிக்கிட்டு இருக்குற மிஷின ஓடலன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

மதுரைக்காரர் சிரிப்பை மாற்றாமல் காகிதத்தையும் பேனாவையும் முதல் வரிசையில் நகர்த்தினார். அந்தப் பேனா ஒவ்வொரு கையாக வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்தவரும் போடுவார். அதுதான் ஏலக்கூடத்துப் பழக்கம், ஒரு கை அசைந்தால் எல்லாக் கையும் அசையும். ரஹ்மத் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். அடுத்து குமரேசன் கட்டினான். நாங்கள் எல்லாரும் கட்டினோம். முதல் வரிசையில் பேனாவைக் கையில் வாங்கியிருந்த கம்பத்துக்காரர் அதை மெல்ல மேஜையில் வைத்துவிட்டுத் தன் கையையும் கட்டிக்கொண்டார். வந்தவர் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

அதோடு வென்றுவிட்டோம் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத மாட்டேன், ரஹ்மத் கேட்டால் திட்டுவார். பிற்பாடு சிலர் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும், போஸ்டர் அடிக்கிறவனுக்குத் தெரியாதது எது? ரஹ்மத்துக்குச் சரக்கு நின்றது. அவர் உதவாது என்று வீசப்பட்ட கணினிகளைத் தேடி வாங்கி, அதிலிருந்து உதிரி எடுத்து எங்களுடையதை ஓட்டினார். புதுக் கணினி விற்பனை போய்விட்டது. அலைச்சல் கூடிவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி நான் கேவலமாகப் பேசும்போதெல்லாம், "அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குண்ணே, வேற சோலியப் பாருங்க" என்று அடக்கிவிடுவார். அந்த அலைச்சல்தான் அவர் நெஞ்சைத் தின்றது என்று நான் நினைக்கிறேன். யூசுப் பாய் அப்படி நினைக்கவில்லை. "அதுலதாண்ணே அவ நல்லா இருந்தா" என்றார்.

அவர் இறந்த அன்றே சாயங்காலம் அடக்கம். மேலே இருந்து குமரேசன் ஜீப்பில் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தான். பழனியம்மா மகள், மருமகனோடு வந்திருந்தார். பேனாவை வைத்த கம்பத்துக்காரர் வந்தார், பிற்பாடு தனியாகக் கையெழுத்துப் போட்டவர்களும் வந்தார்கள். பள்ளிவாசலில், இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றது. வெளியே மதிலோரம் நாங்கள் நின்றோம். உள்ளே வரிசை வரிசையாக அவர்கள் கையைக் கட்டியபோது, என் பக்கத்தில் குமரேசனும் கட்டியிருந்தான். திரும்பிப் பார்த்தேன். மதிலோரம் நின்ற ஒருவர் கையும் தொங்கவில்லை.

கடைக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு, அவர் சரி செய்து கொடுத்த அதே கணினியில், காலையில் தொட மனம் வராமல் விட்டிருந்த அவருடைய போஸ்டரைக் கோக்க உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்குக் கோத்த கை அன்று ஓடவில்லை. என்னிடம் இருப்பதிலேயே பெரிய எழுத்தில் அவர் பெயரை மட்டும் அடித்தேன். ஒற்று வைத்து முடித்த நேரத்தில் அந்தப் பெட்டி வந்து குதித்து, பெயரை மறைத்துக்கொண்டு நின்றது. நீலப் பொத்தான் பளபளவென்று இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையை உடைத்திருப்பேன். இனி தவறாக ஒரு விரல் பட்டால் டிஸ்க்கைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஓடிவர ஆளில்லை.

ரஹ்மத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டேன். முழுவதையும் வாசித்தேன். கண்ணில் நீர் நின்றதால் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைக் கண்டுபிடிக்க நேரமானது. நிதானமாக அதை அமுக்கினேன். பெட்டி போனது. அதற்குப் பின்னால் அவர் பெயர் அப்படியே இருந்தது.